பழைய டபுள் கெப் வாங்கலாமா? டீசல் கணக்கும் சேஸிக் கணக்கும்

கொழும்பில் பழைய டபுள் கெப் (ஐந்து பேருக்குக் கபினும் பின்னால் சாமான் பெட்டியும் உள்ள பிக்கப்) ஒன்றுக்கு விலை பேச இறங்கினால் முதலில் காதில் விழும் எச்சரிக்கை, "அது டீசல் குடிக்கும்" என்பதுதான். உண்மைதான், குடிக்கும். ஆனால் வாங்குவதற்கு முன்பே பென்சிலும் தாளும் கொண்டு கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே செலவும் அதுதான். குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கிற செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன: எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டருக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு செப்பு வாஷரில், கபினுக்குப் பின்னால் சேஸி என்ற அடிச்சட்டம் வளையும் இடத்தில், சி.ஆர். புத்தகம் என்கிற வாகனப் பதிவுச் சான்றிதழின் ஒரு வரியில். டீசலுக்குப் பயந்து நல்ல வாகனத்தை விட்டவர்களும் உண்டு. டீசலை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டுக் கெட்ட வாகனத்தை வாங்கியவர்களும் உண்டு.

முதலில் டீசலை முடித்துவிடுவோம். 3.0 லீற்றர் டீசல் எஞ்சினுள்ள டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஒரு கெப், காலி வீதியில் அலுவலக நேர நெரிசலில் லீற்றருக்கு 7 முதல் 8 கி.மீ. ஓடும். புத்தளம் தாண்டி வெளிவீதியில் மணிக்கு 70 கி.மீ. அளவில் சீராகப் போனால் 10 முதல் 12 வரை தரும். எரிபொருள் விலை அடிக்கடி திருத்தப்படுவதால், கணக்குக்காக டீசலுக்கும் பெற்றோலுக்கும் லீற்றர் 300 ரூபா என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 800 கி.மீ. நகரத்துக்குள் ஓடினால் கெப்புக்கு ஏறத்தாழ 107 லீற்றர், 32,000 ரூபா. லீற்றருக்கு 18 கி.மீ. ஓடும் சிறிய ஹைபிரிட் காருக்கு 44 லீற்றர், 13,300 ரூபா. வருடத்துக்கு வித்தியாசம் சுமார் 225,000 ரூபா. அதே 800 கி.மீ. யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய தூரமாக இருந்தால் கதை மாறுகிறது: கெப்புக்கு 73 லீற்றர், காருக்கு 40 லீற்றர். வித்தியாசம் பத்தாயிரம் ரூபாவுக்குள் சுருங்கிவிடும். வெளிவீதியில் நான்கு பேரும் பின்பெட்டி நிறையச் சாமானும் போகிறது என்றால் அந்தப் பணம் வீணில்லை. நகரத்துக்குள் ஒருவர் தனியாகக் கந்தோருக்குப் போய்வரத்தான் என்றால், ஒவ்வொரு மாதமும் அது வீண்தான்.

ஆகவே முதல் கேள்வி வாகனத்தைப் பற்றியதல்ல. உங்கள் மாதத்தில் எத்தனை நாள் பாரம், எத்தனை நாள் கிறவல் வீதி, எத்தனை நாள் வெறும் நெரிசல்? வன்னியில் காணியோ, மட்டக்களப்புப் பக்கம் வயலோ, புத்தளத்தில் தென்னந்தோட்டமோ இருந்து மாதம் இரண்டு தடவையாவது போகிறவருக்கும், கட்டட வேலை எடுத்துச் செய்கிறவருக்கும் கெப் தன் செலவைத் தானே சம்பாதிக்கும். வருடத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர், அந்த இரண்டு தடவைக்கும் வாடகைக்கு ஒரு கெப் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களில் சின்னக் காரில் போவதே நல்லது. இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஏனென்றால் டபுள் கெப்பின் உயரமும் தோற்றமும் ஆளை இழுக்கும், அந்த ஆசை கணக்கை மறைக்கும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறி வந்ததால் பழைய கெப்புகளின் விலை இறங்கவே இல்லை. பத்துப் பதினைந்து வருடப் பழையதுக்கும் கேட்கிற தொகை தலையைச் சுற்ற வைக்கிறது. இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம்: நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் போகிறது, வாகனத்தின் நிலைமைக்குப் போகிறது குறைவு. ஒரே விலையில் நிற்கிற இரண்டு ஹைலக்ஸ் வீகோக்களில் ஒன்று இன்னும் பத்து வருடம் ஓடும், மற்றது மூன்று மாதத்தில் எஞ்சினைத் திறக்கவைக்கும். வருடத்தைப் பார்த்து வாங்காமல் நிலைமையைப் பார்த்து வாங்கவேண்டியது அதனால்தான்.

எஞ்சின்கள்: எது எங்கே பழுதாகும்

கொழும்பில் அதிகம் கைமாறுவது ஹைலக்ஸ் வீகோ. அதில் 2982 சீசீ கொண்ட 1கேடி, 2494 சீசீ கொண்ட 2கேடி என்று இரண்டு டீசல் எஞ்சின்கள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம், பலமும் பலவீனமும் ஒன்றுதான். பலவீனம் இஞ்செக்டரின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு இஞ்செக்டரும் ஒரு செப்பு வாஷரின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வாஷர் தேய்ந்தால் எரியும் வாயு இஞ்செக்டரின் பக்கத்தால் மேலேறி வால்வுக் கவருக்குள் புகும். கரி ஒயிலில் கலக்கும், ஒயில் தார்போலத் தடிக்கும், எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இருக்கும் ஒயில் உறிஞ்சும் வடி கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும். ஒருநாள் ஒயில் அழுத்தம் விழும். ரேர்போவும் கிராங்க் பெயரிங்கும் ஒன்றாகப் போகும். சில நூறு ரூபா வாஷரில் தொடங்கி முழு எஞ்சினில் முடிகிற வழி இது. வழியில் அடையாளம் காட்டும்: குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது "சுஃப் சுஃப்" என்று காற்றுக் கசியும் சத்தம், ஒயில் மூடியைத் திறந்தால் பலமாக ஊதுவது, ஸ்டார்ட் ஆனபிறகு சிவப்பு ஒயில் லைட் அணையக் கூடுதல் நேரம் எடுப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சம்பைக் கழற்றி வடியைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

அதே குடும்பத்துக்கு, வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்க ரைமிங் பெல்ற். 150,000 கி.மீ.க்கு ஒருதடவை மாற்றச் சொல்கிற சந்தைகளும் உண்டு, 100,000க்கு மாற்றச் சொல்கிறவையும் உண்டு. கொழும்பு நெரிசலில் மீற்றர் ஓடாமல் எஞ்சின் மட்டும் ஓடும் மணிகள் அதிகம் என்பதால் 100,000ஐப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. டாஷ்போட்டில் பெல்ற் லைட் எரியாததை அத்தாட்சியாக எடுக்கவேண்டாம், பெல்ற்றை மாற்றாமலே அதை அணைக்கலாம். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள், அந்தச் செலவை விலையிலிருந்து கழியுங்கள். பெல்ற்றோடு ரென்ஷனர், ஐட்லர், வோட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே முறை. கூலி ஒன்றுதான்.

மிட்சுபிஷி எல்200இன் 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ற். பெரியது ரைமிங்குக்கு, சிறியது பலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு. பலர் பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சிறியதை விட்டுவிடுகிறார்கள். சிறியது அறுந்து பெரியதுக்குள் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனில் அடிக்கும். 90,000 முதல் 100,000 கி.மீ.க்குள் இரண்டையும் ஒன்றாக மாற்றியிருக்கவேண்டும். எல்200க்கு ஒரு நல்ல குணம் உண்டு: சுமார் 5.9 மீற்றர் ஆரத்துக்குள் திரும்பும். வெள்ளவத்தையின் குறுக்கு ஒழுங்கைகளில் அதன் அருமை தெரியும்.

நிசான் நவாராவின் வைடி25 எஞ்சினில் பெல்ற்றுக்குப் பதில் செயின். செயின் என்றால் பயமில்லை என்று விற்பவர் சொல்வார். ஆனால் 2005க்குப் பின் வந்த முதல் தொகுதிகளில் மேல் செயின் ஒற்றை வரிசை; தேய்ந்து நீண்டு அறுந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவானவை. காலை ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி முன்பக்கத்தில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் அதுதான். இரட்டை வரிசைச் செயின் கிட் போட்டிருந்தால், பில்லோடு, அந்த வாகனத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

இசுசு டி-மக்ஸின் 2999 சீசீ 4ஜேஜே1, பார வேலைக்கு இவற்றில் நம்பகமானது. சத்தம் லொறிச் சத்தம்தான், உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட லொறி மனம்தான். இன்னும் பெரியது வேண்டுமென்றால் ஐந்து சிலிண்டருள்ள ஃபோர்ட் ரேஞ்சர் 3.2. அதில் ஒரு விஷயத்தை மெக்கானிக் பாஸ் தெரிந்திருக்கவேண்டும்: ஒயிலை வடிய விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் வடிந்தபடி விட்டால் ஒயில் பம்ப் வறண்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது ஒயிலை இழுக்காமல் எஞ்சின் காய்ந்து ஓடும். இந்த எஞ்சினை யார் சேர்விஸ் பண்ணினார்கள் என்ற கேள்வி மற்றவற்றைவிட இதற்கு முக்கியம்.

2.7 லீற்றர் பெற்றோல் ஹைலக்ஸ் எப்போதாவது சந்தைக்கு வரும். நகரத்தில் லீற்றருக்கு 6 கி.மீ. ஓடினாலே அதிகம் என்பதால் எல்லோரும் ஒதுக்குவார்கள், விலையும் அதற்கேற்ப இறங்கி நிற்கும். ஆனால் ரைமிங் செயின், உயரழுத்தப் பம்ப் இல்லை, டீசல் இஞ்செக்டர் இல்லை, ரேர்போ இல்லை. மாதம் 300, 400 கி.மீ. மட்டும் ஓடுகிறவருக்கு, அதிகம் குடிக்கிற இந்தப் பெற்றோல் வாகனமே மொத்தத்தில் மலிவாக முடியலாம். குறைவாக ஓடுகிறவருக்கு எரிபொருளைவிடப் பழுதுதான் பெரிய செலவு.

காலமை, குளிர்ந்த எஞ்சினோடு

வாகனம் பார்க்கப் போகும்போது முதல்நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணை, நான் வருமட்டும் ஸ்டார்ட் பண்ணவேண்டாம்." போனதும் பொனெற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். சூடான டீசல் எஞ்சின் தன் நோயைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

குளிரில் ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கவேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மறையும் மெல்லிய வெண்புகை பரவாயில்லை. தொடர்ந்து வரும் வெண்புகையில் டீசல் மணந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் முழுதாக எரியவில்லை: கசியும் இஞ்செக்டர், அழுத்தக் குறைவு, 1கேடியில் வெடிப்பு விழுந்த பிஸ்டன் என்று எதுவும் இருக்கலாம். இனிப்பு மணத்தோடு வெண்புகை என்றால் கூலன்ற் உள்ளே போகிறது. நீலப்புகை ஒயில். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல். காற்று வடி, ரேர்போக் குழாய், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு, இஞ்செக்டர் என்று அந்த ஒழுங்கில் தேடவேண்டும், மலிவானது முதலில்.

இஞ்செக்டர்களைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒவ்வொரு இஞ்செக்டரின் திரும்பு குழாயையும் கழற்றி நான்கு ஒரேமாதிரிச் சிறு போத்தல்களில் விட்டு, திரும்பு வழியின் மறுமுனையை அடைத்து, எஞ்சினைச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டால் போதும். நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு டீசல் சேரவேண்டும். ஒன்றில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்ந்தால் அந்த இஞ்செக்டர் உள்ளே தேய்ந்து கசிகிறது. இதைச் செய்யத் தெரிந்த பாஸ் ஒருவரை அரை நாள் கூலிக்குக் கூட்டிப்போவதே இந்தக் கொள்வனவில் நீங்கள் போடும் மிக லாபமான முதலீடு. டொயோட்டாவுக்கு ஸ்கானர் இருந்தால் சூடான எஞ்சினில் ஐட்லிங்கில் இஞ்செக்டர் திருத்த அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தல் 3ஐத் தாண்டி நிற்கிற சிலிண்டரைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து ஓட்டிப்பார்த்தல். ஒழுங்கையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. ஏசியைப் போட்டு முக்கால் மணி நேரம் நெரிசலுக்குள் ஓட்டுங்கள். ரேடியேற்றரோ விஸ்கஸ் ஃபானோ பலவீனமென்றால் வெப்ப முள் அங்கேதான் ஏறும். ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்தபின் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ இல்லாமல் தேநீர் நிறத்தில் தண்ணீர் இருந்தால் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள், உள்ளே துரு. பிறகு வெறுமையான நீண்ட வீதியில் மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் கிளச் வழுக்குகிறது. இடையில் இழுவை திடீரென்று அறுந்து எஞ்சின் லைட் எரிந்தால் ரேர்போவின் அசையும் தகடுகள் கரியில் சிக்குகின்றன, அல்லது பம்பில் இருக்கும் உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வு பழுது. பின்னது இந்த எஞ்சின்கள் பலவற்றுக்கும் பொதுவானது, மாற்றுவதும் இலகு. விற்பவர் ஐந்து நிமிடத்தில் திரும்பச் சொன்னால் இவை எதுவும் வெளிவராது.

நான்கு சில்லு இயக்கத்தைத் தார் வீதியில் சோதிக்கவேண்டாம். இவை பெரும்பாலும் தேவைக்குப் பூட்டுகிற வகை. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்க, திருப்பத்தில் முன்சில்லுகள் கூடுதல் தூரம் ஓடவேண்டிவரும். காய்ந்த தாரில் சில்லு வழுக்க இடமில்லாமல் முறுக்கு கியர்களில் ஏறும். மணலோ கிறவலோ உள்ள வெளியில் 4எச் (வேகம்), 4எல் (மெதுவான கியர்) இரண்டையும் போட்டு, லைட் எரிவதோடு நிற்காமல் முன்சில்லு உண்மையில் இழுக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்காகக் கொழும்புக்குள்ளேயே ஓடிய கெப்பில் இது இறுகிப்போயிருப்பது சாதாரணம்.

சேஸி

எஞ்சினை மாற்றலாம். கியர்பொக்ஸைப் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடலாம். சேஸி போனால் வாகனமே போனது. ஆனாலும் மினுக்கிய பெயின்றையும் தோல் இருக்கையையும் பார்க்கிறவர்கள் அடியில் படுத்து இதைப் பார்ப்பதில்லை.

டபுள் கெப்பின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. ஐந்து பேருக்குக் கபின் வைத்ததால் பின்பெட்டிக்குச் சுமார் 1.5 மீற்றர் நீளம்தான் மிஞ்சும், அதிலும் பெரும்பகுதி பின் அச்சின் மேலேயும் அதற்குப் பின்னாலும் நிற்கும். அச்சுக்குப் பின்னால் வைத்த பாரம் சேஸியின் வாலைக் கீழே அழுத்தி, முன்பக்கத்தை மேலே தூக்கும். இரண்டு விசையும் சந்திக்கும் இடம் கபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வளையும். பாரம் தாங்கவென்று வில்லுத் தகடு கூட்டிப் போட்டவர்கள் சேஸியைக் கூட்டவில்லை. வில்லு வளையாத பாரத்தில் சேஸி வளையும்.

கணக்காகவே பார்ப்போம். இவ்வகைக் கெப்பின் அனுமதித்த பாரம் பெரும்பாலும் 800 முதல் 1,000 கிலோ வரை, ஆட்களையும் சேர்த்து. 900 கிலோ என்று வையுங்கள். ஐந்து பெரியவர்கள் 350 கிலோ. கெனப்பி, புல்பார், இழுவைக் கொக்கி எல்லாம் சேர்ந்து 100 கிலோ. மிஞ்சுவது 450: அதாவது 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்பது. இருபது மூட்டை ஏற்றி ஆட்களோடு ஓடிய கெப்புகள் இந்த நாட்டில் எத்தனை என்று யோசித்தால், அடியில் படுத்துப் பார்ப்பதன் அவசியம் விளங்கும்.

பார்க்கும் முறை: வாகனத்தைச் சமதளத்தில் விட்டு, பத்து அடி தள்ளிப் பக்கவாட்டாக நின்று, கபினின் பின்விளிம்புக்கும் பெட்டியின் முன்விளிம்புக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் வால் தாழ்ந்திருக்கிறது, சேஸி வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெட்டியின் ரப்பர்த் தாங்கிகள் நசிந்ததாலும் அப்படித் தெரியும் என்பதால் அடுத்தது உள்ளே. ராம்பில் ஏற்றி, ரோர்ச் லைட்டும் சின்னச் சுத்தியலும் கொண்டு, கபினுக்குப் பின்னால் இருக்கும் பகுதி, வில்லுத் தகடு தொங்கும் தாங்கிகள், பின் அச்சுக்கு மேல் வளையும் பகுதி, எரிபொருள் தாங்கிக்கு உள்பக்கம் என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோலக் கணீரென்று கேட்கும். துருவேறியது செத்த சத்தம் தரும், தகடு உதிரும். புதிதாக அடித்த கருந்தார்ப் பூச்சு இருந்தால் ஒரு மூலையில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மரீன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்துக் கொண்டு வெளியில் நின்ற வாகனங்களில் இந்தத் துரு சீக்கிரம் வரும். உப்புக்காற்று சேஸிக் குழாய்க்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியில் சுத்தமாகத் தெரிகிற சேஸி உள்ளே மெலிந்திருக்கலாம், அதனால்தான் கண்ணைவிடச் சுத்தியலை நம்பவேண்டும். வெள்ளம் குடித்த வாகனமும் கவலைக்குரியது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வாகனங்கள் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. அதன்பின்னும் களனி கங்கை பெருகாமல் இருக்கவில்லை. ஆசனப்பட்டியை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே நிற்கும். இருக்கைப் போல்ட்டுகளின் துரு, வயர் இணைப்புகளில் பச்சை, டிஃப் (அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) ஒயில் பால்நிறமாக இருப்பது ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

இவற்றோடு ரயர். 17 அங்குலச் சில்லுள்ள வீகோவில் 265/65ஆர்17. பக்கச் சுவரில் நான்கு இலக்கத் திகதி இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியது, பட்டன் ஆழமாக இருந்தாலும், செலவுக் கணக்கில் சேரவேண்டியதே. தோற்றத்துக்காக 265/70ஆர்17 போட்டிருந்தால் சில்லு 3.4 வீதம் பெரியது. மீற்றர் அதே அளவு குறைத்துக் காட்டும், வேகத்தையும் ஓடிய தூரத்தையும். எரிபொருள் கணக்குப் பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த இடம் இருக்கிறதா

இதைக் கடைசியில் யோசிக்கிறவர்கள்தான் அதிகம். வீகோ 5.25 மீற்றர் நீளம், அகல உடல் வகை 1.83 மீற்றர் அகலம், கண்ணாடிகள் தவிர. கார் தரிப்பிடம் 2.4 மீற்றருக்கு 4.8 மீற்றர் என்று வரைந்த அடுக்குமாடியில் மூக்கோ வாலோ அரை மீற்றர் வெளியே நிற்கும், பக்கத்து வீட்டுக்காரரோடு தினமும் பேச்சு வரும். இயந்திரத்தில் அடுக்கும் தரிப்பிடம் என்றால் உயர எல்லையையும் நிறை எல்லையையும் முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், 1.8 மீற்றருக்கு மேல் உயரமும் இரண்டு தொன்னுக்குக் கிட்டிய நிறையும் உள்ள வாகனத்தைக் கார்களுக்கென்று செய்த பல இயந்திரங்கள் ஏற்காது. கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒழுங்கைக்குள் வீடென்றால், விலை பேசுமுன் அந்த வாகனத்தையே கொண்டுவந்து ஒருதடவை உள்ளே திருப்பிப் பாருங்கள்.

கடுதாசி வேலை

சி.ஆர். புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம் இரண்டையும் வாகனத்தோடு ஒப்பிடுங்கள். ஹைலக்ஸில் சேஸி இலக்கம் வலது முன்சில்லுப் பக்கம் சேஸியிலேயே அடித்திருக்கும். அந்த இடத்தில் வெல்டிங் தழும்பு, அரைத்த அடையாளம், சதுரமாகப் புதுப் பெயின்ற் இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். எஞ்சின் மாற்றியிருந்தால் தவறில்லை, ஆனால் புதிய இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்கவேண்டும். டபுள் கெப்புகள் இருபயன்பாட்டு வாகனமாகப் பதிவாகும், இலக்கத்தகட்டில் ஆங்கில "P" வரிசை எழுத்து வரும். சிங்கிள் கெப்பை அறுத்து டபுள் கெப்பாக்கியதும் சந்தையில் வரும் என்பதால் வகுப்பையும் இருக்கை எண்ணிக்கையையும் வாசியுங்கள்.

முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், மிச்சக் கடனை விற்பவர் கையில் கொடுக்காமல் கம்பனிக்கே நேரடியாகக் கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். "ஓப்பின் பேப்பர்" என்று கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களோடு மூன்றாம் நான்காம் கையில் நிற்கும் வாகனத்தில், புத்தகத்தில் பெயருள்ளவரைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். அவர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ உரிமை மாற்றம் மாதக்கணக்கில் இழுபடும். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் புதிதாக இருப்பது நல்லது. அவை எஞ்சின் நல்லதென்பதற்குச் சாட்சியல்ல.

மீற்றர் வாசிப்பை நம்பவேண்டாம். 90,000 கி.மீ. காட்டும் வாகனத்தில் கிளச் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, சாரதி இருக்கையின் வெளிவிளிம்பு அமுங்கி, ஸ்ரியறிங் பளபளத்தால் அது அந்த மீற்றரின் வயதல்ல. முகவர் நிலையத்தில் சேர்விஸ் செய்திருந்தால் அவர்கள் கணினியில் பழைய வாசிப்புகள் இருக்கும். உரிமையாளரைக் கூட்டிப்போய்க் கேட்கலாம்.

வாங்கிய பின்

விலையை முழுதாகக் கொடுத்துக் கை காலியாகிவிடக்கூடாது. கொள்விலையில் பத்து வீதத்தையாவது ஒதுக்கி வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். முதல் வாரத்தில் எஞ்சின், கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், முன் பின் டிஃப் என்று எல்லா ஒயிலையும் மாற்றுங்கள். டீசல் வடியையும் காற்று வடியையும் மாற்றி, கூலன்ற்றை முழுதாகக் கழுவி நிரப்புங்கள். நான்கு சில்லையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறேக் இழுபட்டுச் சுற்ற மறுக்கிற ஒரு சில்லு, எஞ்சினில் குறையே இல்லாமல் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றரைத் தின்னும். ரயர்க் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். ஏசியோடு சும்மா நிறுத்தி வைத்திருந்தால் மணிக்குச் சுமார் 1 லீற்றர் போகும், பாடசாலை வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள்.

உண்மையான நுகர்வு தெரிய, ஒரே நிலையத்தில் ஒரே பம்பில் முதல் "கிளிக்" வரை நிரப்பி, வழக்கம்போல் 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓடி, அதே பம்பில் அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். நகரத்தில் 7க்குக் கீழே வந்தால் எங்கோ குறை: இழுபடும் பிறேக், திறந்தபடி சிக்கிய தேர்மோஸ்ராற், எப்போதும் இறுகிச் சுற்றும் ஃபான், அதிகம் ஊற்றும் ஓர் இஞ்செக்டர்.

1கேடியோ 2கேடியோ வாங்கினால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இஞ்செக்டர் வாஷர்கள் எப்போது மாற்றியதென்று பில் இல்லாவிட்டால், நான்கையும் கழற்றிப் புது வாஷர் போட்டு, அதோடேயே சம்பை இறக்கி ஒயில் வடியைக் கழுவுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட பாஸ் முயன்றால் விடவேண்டாம்; ஒருதடவை நசிந்த செப்பு மறுபடி அடைக்காது. முதல் ஒயிலை 5,000 கி.மீ. வரை காத்திராமல் 1,000இல் மாற்றுங்கள், உள்ளே கரைந்த கரி அதோடு வெளியேறும். யாழ்ப்பாணப் பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.